வீட்டு ரஸாயனம்: வாஸனை செய்த வம்பு

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும். பரீட்சைத் தாள்களை ஒருவாறு திருத்தி மூட்டை கட்டி வைத்துவிட்டு, இலை முன் உட்காரப் போகும் சமயத்தில், அடுத்த தெருப் பையன் ஒருவன் மூச்சு இரைக்க ஓடி வந்தான். நம் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு வாசிப்பவன். அவன் கையில் ஒரு நீண்ட கரண்டி. அதன் நுனியில் விளாம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பையன் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினான். ஒட்டியிருந்தது அசைந்து கொடுக்கவில்லை.

“ஸார்! அம்மா உங்களிடம் காட்டிவிட்டு வரச் சொன்னாங்க. மல்லிகை வாஸனையை விட்டதும் இப்படி ஆகிவிட்டது. பத்து எண்ணுவதற்குள் ஸார்!” என்றான்.

பையன் கைக்கு ரப்பர் உறை போட்டிருக்கிறானா என்று முதலில் பார்த்தோம். போட்டிருந்தான். அந்த மட்டில் நிம்மதி. மற்றபடி நமக்கு நெஞ்சில் ‘திக்’கென்றது. ஏனென்றால், அந்தக் கரண்டியில் ஒட்டியிருந்தது நாம் சொல்லிக் கொடுத்த யோசனை!

விஷயம் இதுதான். அந்தப் பையனின் தாயார் சில வருஷங்களாக வீட்டிலேயே சோப்பு தயார் செய்து, அதற்கு வேண்டிய உரிமமும் முறைப்படி பெற்று, விற்று வருகிறார். கணவர் காலமான பிறகு இரண்டு குழந்தைகளின் படிப்பும் இந்தச் சோப்பில்தான் நடக்கிறது. அடுப்பில் காய்ச்சாமல், எண்ணெயையும் காரத் தண்ணீரையும் கலந்து, அச்சில் ஊற்றி, தானாகவே விளையவிடும் முறை அவருடையது. வாஸனை ஏதும் சேர்ப்பதில்லை. தேங்காயெண்ணெய்ச் சோப்பு, வேப்பெண்ணெய்ச் சோப்பு, அவ்வளவுதான். இப்படியிருக்க, ஒரு கல்யாண வீட்டார் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க 120 சோப்பு வேண்டுமென்றும், அவை மல்லிகை மணம் கமழ வேண்டுமென்றும் சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டார்கள்.

அந்த அம்மாள் நம்மிடம் வந்து, “வாஸனைத் தைலம் சேர்த்தால் சோப்புக்கு ஏதாவது கெடுதல் உண்டா ஸார்?” என்று கேட்டார். ரஸாயனத்தில் பட்டம் பெற்று இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நாம், சற்றும் யோசியாமல், “வாஸனை வேறு, சோப்பு வேறு அம்மா. பாயஸத்துக்கு ஏலக்காய் போடுகிற மாதிரி, எல்லாம் கெட்டியான பிறகு கடைசியில் விட்டுக் கிளறுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். அவரும் 8 கிலோ எண்ணெயை ஒரே தடவையில் கலந்து, நன்றாகக் கெட்டியான பிறகு 240 கிராம் மல்லிகைத் தைலத்தை விட்டார். அதன் பலன்தான் நம் வாசலில் கரண்டியோடு வந்து நின்றது.

சாப்பாட்டை மறந்து ஓடினோம். அந்த இரவு நடந்ததைப் பிறகு சொல்லுகிறோம். முதலில், நாம் எங்கே பிசகினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இப்போது பல வீடுகளில் சகோதரிகள் சோப்பு செய்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரும் நம்மைப் போலவே வாஸனையை ஓர் அலங்காரம் என்று நினைத்திருக்கிறார்கள். அது அலங்காரம் அல்ல. சோப்புப் பாத்திரத்தில் விழுந்த கணமே அதுவும் ரஸாயன மாறுதலில் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுகிறது.

காரத்துக்குப் பேதம் கிடையாது

எண்ணெய் என்பது கொழுப்பமிலங்களும் கிளிஸரினும் கைகோத்து நிற்கும் ஒரு கூட்டு. காஸ்டிக் சோடா வந்து அந்தக் கைகளைப் பிரித்து, அமிலங்களைத் தான் பற்றிக்கொள்ளுகிறது. அதுவே சோப்பு. கிளிஸரின் தனித்து நிற்கிறது. 1823-ஆம் வருஷத்தில் ஷெவ்ரூல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கொழுப்புகளைப் பற்றிய தம் நூலில் விளக்கி வைத்த விஷயம் இது. வகுப்பில் ஆண்டுதோறும் நாம் ஒப்பிக்கும் பாடந்தான்.

ஆனால் மல்லிகை வாஸனையில் முக்கியமான பென்ஸைல் அஸிடேட் என்ற பொருளும், லாவெண்டர் தைலத்திலுள்ள லினலைல் அஸிடேட்டும் எண்ணெயைப் போலவே ‘எஸ்டர்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. ‘இது எண்ணெய், இதைப் பிரிப்போம், இது வாஸனை, இதை விட்டுவிடுவோம்’ என்று காஸ்டிக் சோடா பேதம் பார்ப்பதில்லை. அவற்றிலும் ஒரு பகுதியைப் பிரித்துவிடுகிறது. சீசாவில் ஒரு மணம், சோப்பில் வேறு மணம் என்று சிலர் குறைப்படுவதற்கு இது ஒரு காரணம்.

கிராம்புத் தைலத்தின் கதை இன்னும் மோசம். அதில் பெரும் பகுதி யூஜினால் என்ற பொருள். அது இலேசான அமிலக் குணம் படைத்தது. காரத்தைக் கண்டதும் அதனோடு சேர்ந்து உப்பாகிவிடும். பாத்திரத்திலுள்ள கூழ் பாறையாக இறுகும். இலவங்கப் பட்டை, இலவங்க இலைத் தைலங்களுக்கும் இந்தக் குணம் உண்டு. இவை தோலையும் உறுத்தக்கூடியவையாதலால் மிகச் சொற்பமாகவே சேர்க்க வேண்டும்.

இனி மல்லிகை. மல்லிகைப் பூவை நீராவியில் வடித்தால் அதன் உண்மையான மணம் கிடைப்பதில்லை. சூடு அதைக் கெடுத்துவிடும். ஆகையால் கரைப்பான்களில் பூவை ஊறவைத்து மெழுகு போன்ற ஒரு பொருளை எடுத்து, அதிலிருந்து சுத்தமான அத்தரைப் பிரிக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு அந்த மெழுகே சுமார் இரண்டு மூன்று கிலோதான் தேறும். அப்படியானால் அதன் விலை என்னவாக இருக்கும் என்று நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். கடையில் சகாய விலைக்கு விற்கும் ‘மல்லிகை எண்ணெய்’ பல ரஸாயனங்களைக் கலந்து செய்தது. அதில் தவறொன்றுமில்லை. ஆனால் ஒரு கடைக் கலவைக்கும் மற்றொரு கடைக் கலவைக்கும் ஸ்வபாவம் வேறு. பூவாஸனைக் கலவைகள் பல சோப்பை இறுக்குவதில் பெயர் போனவை.

இறுகினால் என்ன செய்வது?

முதலில் இறுகாமல் பார்த்துக் கொள்ளும் வழி. கூழை மத்தால் கலக்கிக்கொண்டே வரும்போது, மத்தைத் தூக்கி வடியவிட்டால் மேற்பரப்பில் மாக்கோலம் போட்டாற்போல் ஒரு கோடு நின்று மெதுவாக மறையும் பதம் ஒன்று உண்டு. சோப்பு செய்கிறவர்கள் இதை ‘ட்ரேஸ்’ என்பார்கள். நாம் கோலப் பதம் என்று வைத்துக்கொள்ளுவோம். வம்பு செய்யும் வாஸனையானால், கோடு அழுத்தமாக விழும் வரை காத்திராமல், எண்ணெயும் தண்ணீரும் ஒன்று கலந்து கோடு விழலாமா வேண்டாமா என்று இருக்கும் போதே விட்டுவிட வேண்டும். “கெட்டியான பிறகு” என்று நாம் சொன்னது முழுப் பிசகு.

வாஸனை விட்ட பிறகு ஹேண்ட் பிளெண்டர் என்னும் மின்சார மத்தைத் தொடவே கூடாது. கைக் கரண்டி போதும். எண்ணெயும் காரத் தண்ணீரும் 35 டிகிரி சூட்டுக்கு மேல் இல்லாமல் இருப்பது நல்லது. நம் ஊரில் மார்கழி தவிர மற்ற மாதங்களில் தேங்காயெண்ணெய் தானாகவே உருகி நிற்பதால், அதைச் சுட வைக்க வேண்டிய அவசியமே இல்லை. காரத் தண்ணீரை மாத்திரம் நன்றாக ஆறவிட்டால் போதும். தண்ணீரைச் சற்றுத் தாராளமாக விடுவதும், எடுத்து வைத்த எண்ணெயில் கொஞ்சத்தில் வாஸனையை முன்னதாகவே கலந்து வைத்துக்கொள்ளுவதும் உதவி செய்யும்.

இவ்வளவும் செய்தும் இறுகிவிட்டதா? பதற வேண்டாம். தூக்கி எறியவும் வேண்டாம். அகலமான அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் சோப்புப் பாத்திரத்தை இறக்கி மூடி, அவ்வப்போது கிளறிக் கொடுக்க வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் கட்டி இளகி, வெந்த ஜவ்வரிசி போல் பளபளப்பான களியாக வரும். அதை அச்சில் அழுத்தி நிரப்பலாம். அழகு இராது, ஆனால் சோப்பு சோப்புத்தான்.

சில சமயம் கூழ் முழுதும் இறுகாமல், அரிசி அரிசியாகத் திரிவதுண்டு. அப்போது மட்டும் மின்சார மத்தைச் சிறிது நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். வேறு சில வாஸனைகள் எண்ணெயைத் தனியே பிரித்து மேலே மிதக்கவிடும். அச்சில் ஊற்றிய பிறகு இவ்வாறு பிரிந்தால், மேலே நிற்கும் திரவத்தில் கலவாத காரம் இருக்கக்கூடும். கையுறை இல்லாமல் தொடலாகாது. இதற்கும் மேலே சொன்ன வெந்நீர் வைத்தியந்தான்.

பழுப்பு நிறம்

மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வம்பு இது. வெண்ணெய் போல் வெளுப்பாக அச்சில் ஊற்றிய சோப்பு, வாரம் ஒன்று கழிவதற்குள் கருப்பட்டி நிறமாகிவிடும். காரணம் பெரும்பாலும் வனிலின் என்னும் பொருள். ஐஸ்கிரீமின் மணம் அதனுடையது. இனிப்பான வாஸனைக் கலவைகள் பலவற்றில் இது மறைந்து கிடக்கும். வனிலின் எவ்வளவு அதிகமோ, பழுப்பும் அவ்வளவு அழுத்தம். வெள்ளைப் பொடிகளைப் போட்டு இதை மறைக்க முயல்வது வீண் செலவு. நிறம் மாறினால் சோப்பின் குணம் கெடாது. ஆகையால் பழுப்பையே வேண்டிய நிறமாக ஏற்றுக்கொண்டு விடுவது புத்திசாலித்தனம். பாதிக் கூழில் வாஸனையை விட்டு, பாதியை வெறுமனே வைத்து இரு நிறச் சோப்பு செய்யலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் நாளடைவில் பழுப்பு மெள்ள மெள்ள அடுத்த வீட்டுக்கும் குடியேறும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

எலுமிச்சம்புல் தைலம் இலேசான மஞ்சள் நிறம் கொடுக்கும். நீலகிரித் தைலம் நிறத்திலும் பதத்திலும் வம்பு செய்யாத ஸாது.

மணம் எங்கே போயிற்று?

எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோலிலிருந்து எடுக்கும் தைலங்கள் எளிதில் ஆவியாகிப் போகும் இனம். சோப்பு விளைந்து உலர நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். அதற்குள் இந்த விருந்தாளிகள் சொல்லிக் கொள்ளாமலே புறப்பட்டுவிடுவார்கள். எலுமிச்சை மணம் வேண்டுமானால் எலுமிச்சம்புல் தைலத்தைப் பிரயோகிப்பது மேல்; அது நின்று மணக்கும். வெட்டிவேர், பச்சிலை, சந்தனம் முதலிய கனத்த தைலங்கள் தாமும் நிற்பதோடு, துணைக்கு வந்த இலேசான மணங்களையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

மணம் குறைகிறதே என்று அளவை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. 1 கிலோ எண்ணெய்க்கு 30 கிராம் வாஸனை என்பது பொதுவாகத் தாராளமான அளவு. தைலம் விற்கிறவர் சோப்புக்கு இன்ன அளவுதான் என்று அதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அதற்கு மேல் போகலாகாது. தோலின் நன்மையை உத்தேசித்தே அந்த வரம்பு. மிஞ்சிய வாஸனை சோப்பின் மேல் வியர்வை போல் முத்து முத்தாகப் பூக்கும்.

விடக் கூடாதவை

அலமாரியில் இருக்கும் வாஸனையையெல்லாம் சோப்பில் விட்டுப் பார்க்க வேண்டுமென்று சிலருக்குத் தோன்றும். துணியில் தெளித்துக்கொள்ளும் ஸென்ட்டில் பெரும் பகுதி சாராயம். அது கூழை நிமிஷத்தில் இறுக்கிவிடும். வாஸனைத் தலை எண்ணெய்கள் பலவற்றில் இருப்பது மண்ணெண்ணெய் வம்சத்தைச் சேர்ந்த மினரல் ஆயில். வாஸனை அதில் சில துளிகளே. மினரல் ஆயில் எந்தக் காலத்திலும் சோப்பாக மாறாது. அதையும் எண்ணெய்க் கணக்கில் சேர்த்துக் காஸ்டிக் சோடாவை நிறுத்துப் போட்டால், அந்தக் காரம் செலவாகாமல் சோப்பிலேயே தங்கி உடம்பைப் புண்ணாக்கும். இது அழகுக் குறை அல்ல, அபாயம்.

ஒரு சிறு பரீட்சை

எந்த வாஸனையானாலும், எவ்வளவு பெரிய மனிதர் சிபார்சு செய்தாலும் — முக்கியமாக ரஸாயன உபாத்தியாயர் சிபார்சு செய்தால் — முதலில் சிறு அளவில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.

தேங்காயெண்ணெய் 120 கிராம், நல்லெண்ணெய் 60 கிராம், விளக்கெண்ணெய் 20 கிராம், காஸ்டிக் சோடா 31 கிராம், தண்ணீர் 65 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும், படிக்கணக்கு உதவாது. இந்தக் கணக்கில் எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்கு மிஞ்சி நிற்கும். அது தோலுக்கு இதம். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் உத்தமம். அலுமினியம் கூடவே கூடாது. காரம் அதை அரித்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, குழந்தைகள் அடுத்த அறையில் — இவை மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். தப்பித் தவறித் தோலில் பட்டால், வேறெதையும் தேடி ஓடாமல், குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

கூழ் ஒன்று சேர்ந்ததும் இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் 3 கிராம் வாஸனையை விட்டுக் கையால் கலக்கி, இரண்டையும் இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களில் ஊற்றி வைக்கவும். முதல் பத்து நிமிஷத்தில் பதம் தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் நிறம் ஓரளவு தெரியும். நாலு வாரத்தில் மணம் தெரியும். வாஸனை விடாத பாதி பக்கத்தில் இருப்பதால், குற்றம் எண்ணெயிலா வாஸனையிலா என்ற விவாதத்துக்கே இடமில்லை. ஒரு நோட்டில் தேதியும் அளவும் எழுதி வைத்தால் அதைவிட நல்ல பாடப் புஸ்தகம் வேறு கிடையாது.

அந்த இரவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கட்டியை இரண்டு பாத்திரங்களில் பங்கிட்டு, அண்டாக்களில் வெந்நீர் வைத்து, நாமும் அந்த அம்மாளும் பையனும் மாறி மாறிக் கிளறினோம். பதினொன்றரை மணிக்குக் களி இளகிற்று. அச்சில் அழுத்தினோம். நாலைந்து நாளில் சோப்பெல்லாம் பழுப்பேறிவிட்டது. மல்லிகை மணம், ‘நான் ஒரு காலத்தில் இங்கே இருந்தேன்’ என்று சொல்லும் அளவில் இருந்தது.

அப்போது அக்கம்பக்கத்தார் ஒருவர் நல்ல எண்ணத்துடனேயே ஒரு யோசனை சொன்னார். “நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. சந்தனச் சோப்பு என்று சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?” பெங்களூரில் மைசூர் ஸமஸ்தானத்தார் சோப்புத் தொழிற்சாலை தொடங்கிய நாள் முதல், சந்தனச் சோப்பு என்றால் நம் ஜனங்களுக்குத் தனி மதிப்பு அல்லவா? அந்த அம்மாள் நம் முகத்தைப் பார்த்தார். முன்பணமோ செலவாகிவிட்டது. எண்ணெயும் போயிற்று. ‘வேண்டாம்’ என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நஷ்டத்துக்குக் காரணமானவர் உபதேசம் செய்வது எப்படி?

அவரே சொன்னார்: “கல்யாணத்தில் கொடுக்கிற பொருள் ஸார். பொய் சொல்லிக் கொடுக்க மனசு வரவில்லை.”

மறுநாளே கல்யாண வீட்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முகூர்த்தத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. இம்முறை மூன்று வாஸனைகளைச் சிறு அளவில் பரீட்சித்தோம். கடைசியில் எலுமிச்சம்புல்லும் வெட்டிவேரும் சேர்ந்த கலவை தேறிற்று. பத்துப் பத்துச் சோப்பாகக் கலந்து 120-ஐயும் முடித்தார். நன்றாக உலர்ந்து, உரிய நாளில் தாம்பூலப் பையில் ஏறின. பெண்ணின் பாட்டியார் மட்டும், “மல்லிகை என்றீர்களே, எங்கே?” என்று கேட்டாராம். “தலையில் இருக்கிறதே, போதாதா பாட்டி?” என்று மணப்பெண்ணே பதில் சொல்லிவிட்டாளாம்.

வீணான எண்ணெயின் விலையில் பாதியாவது நாம் கொடுப்பதுதான் நியாயம் என்று ஓர் உறையில் பணத்தை வைத்து எடுத்துக்கொண்டு போனோம். அந்த அம்மாள் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். “பணம் வேண்டாம் ஸார். பத்திரிகையில் எழுதுகிறீர்களே, அதில் இதை எழுதிவிடுங்கள். இன்னொரு வீட்டில் 8 கிலோ எண்ணெய் வீணாகாமல் இருக்கட்டும்” என்றார்.

எழுதிவிட்டோம். பழுப்புச் சோப்பில் ஒரு டஜனை விலை கொடுத்து வாங்கி வந்து நம் வீட்டில் உபயோகித்து வருகிறோம். நன்றாகவே நுரைக்கிறது. தினந்தோறும் காலையில் கையில் எடுக்கும் போதெல்லாம், தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லக் கூடாது என்று ஒரு பாடமும் சொல்லுகிறது.